கெப்டனிடம் கேளுங்கள்: விமானி லைசென்ஸ் நாடு விட்டு நாடு போகுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியவை. வெளிநாட்டில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், இங்கே எடுத்ததை வைத்துக்கொண்டு வெளிநாடு போக நினைப்பவர்கள், பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடு வைத்த பெற்றோர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கெப்டன் ஐயா, நான் இரத்மலானையில் பயின்று இலங்கை கொமர்ஷல் லைசென்ஸ் எடுத்தவன். வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் உண்டு. இப்போது ஏ320 விமானத்தில் துணை விமானி. பறந்த மணித்தியாலங்கள் 1,900ஐத் தாண்டிவிட்டன. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேலை பார்க்க விருப்பம். என் லைசென்சை அந்த நாட்டுக்கு மாற்ற முடியுமா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, லைசென்ஸ் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நகர்வதில்லை. உங்களிடம் இருப்பதை ஆதாரமாகக் காட்டி அந்த நாட்டின் லைசென்ஸ் ஒன்றைப் புதிதாகக் கேட்கிறீர்கள். காலி வீதியில் காசு மாற்றும் கடையில் டொலரைக் கொடுத்து ரூபாவை வாங்குவது போன்ற வேலை அல்ல இது. பழையது உங்கள் கையிலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

காரணத்தை விமானத்தின் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டுநாயக்கவில் நிற்கும் நம் நாட்டு விமானங்களின் பதிவு எழுத்து 4ஆர் என்று தொடங்கும். இந்தியாவுக்கு வி.டி., அமீரகத்துக்கு ஏ6, மாலைதீவுக்கு 8கியூ. 1944 டிசம்பர் 7ஆம் திகதி கையெழுத்தான சிக்காகோ சமவாயத்தின் 32ஆம் உறுப்புரை, நாடுகளுக்கிடையே பறக்கும் விமானத்தை ஓட்டுபவரிடம் அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய லைசென்ஸ், அல்லது அந்த நாடு செல்லுபடியாக்கிய லைசென்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் எங்கே பிறந்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்பதை அது கேட்கவில்லை. விமானம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதுதான் முழு விஷயமும்.

33ஆம் உறுப்புரையைக் காட்டி, “இகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தரத்தில் உள்ள லைசென்சை எல்லா நாடுகளும் ஏற்க வேண்டுமே” என்று பலர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். அது சொல்வது வேறு. நீங்கள் இலங்கை லைசென்சோடு 4ஆர் விமானத்தை ஓட்டிக்கொண்டு சென்னையில் இறங்கும்போது, இந்தியா உங்கள் லைசென்சை மதிக்க வேண்டும். நீங்கள் தினமும் செய்யும் தொழில் அந்த உறுப்புரையால்தான் நடக்கிறது. அதற்காக அதே லைசென்சோடு வி.டி. விமானத்தின் விமானி ஆசனத்தில் ஏறி உட்கார முடியாது.

இனி, வேறு நாட்டு விமானத்தை ஓட்ட உள்ள வழிகள் இரண்டு. முதலாவது வெலிடேஷன். உங்கள் இலங்கை லைசென்சை அந்த நாடு ஏற்றுக்கொண்டு ஒரு துணைக் கடிதம் தரும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பறப்பீர்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்குத் தனி உயிர் கிடையாது. இலங்கை லைசென்ஸ் காலாவதியானால், இடைநிறுத்தப்பட்டால், அந்த நிமிடமே அதுவும் செல்லாது. ஐரோப்பாவில் இதை ஒரு வருடத்துக்கு மேற்படாமல் தருவார்கள். அவசரமாக விமானி தேவைப்படும் நிறுவனங்கள் புதியவரை முதலில் இந்த வழியில் பறக்க வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பிறகு பார்ப்பதுண்டு. இரண்டாவது கன்வேர்ஷன். அந்த நாட்டின் சொந்த லைசென்ஸே உங்கள் பெயரில் வரும். நேரமும் காசும் பிடிக்கும், ஆனால் அது உங்களுடையது.

இரண்டுக்கும் முதற்படி ஒன்றுதான். உங்கள் லைசென்ஸ் உண்மையானதா, நடப்பில் உள்ளதா, விபத்தோ ஒழுக்காற்று நடவடிக்கையோ உண்டா என்று அந்த நாட்டு அதிகார சபை நம் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையிடம் நேரடியாகக் கேட்கும். பதிலும் அதிகார சபையிலிருந்து அதிகார சபைக்கே போகும். உங்கள் கையில் தரும் பிரதிக்கு மதிப்பில்லை. இந்தக் கடிதப் போக்குவரத்துதான் கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுக்கும். வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு இதைத் தொடங்கியவர்கள் சிலர் சேரும் திகதியையே இழந்திருக்கிறார்கள். போவது என்று முடிவானால் முதல் விண்ணப்பம் இதற்குப் போகட்டும்.

ஐரோப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகமான ஈயாசாவின் விதிகள் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் பொது. வெளிநாட்டு லைசென்சோடு விமான நிறுவனத்தில் சேர வருபவர், ஏ.டி.பி.எல். (விமான நிறுவன விமானிகளுக்கான உயர்நிலை லைசென்ஸ்) எழுத்துப் பரீட்சைகள் 13ஐயும் எழுதியே ஆக வேண்டும். வான் சட்டம், வானிலை, விமானச் செயற்றிறன், வழிகாணல், மனிதச் செயற்றிறன் என்று நீளும் பட்டியல் அது. ஒவ்வொன்றிலும் 75 வீதம் எடுக்க வேண்டும். முதல் பேப்பரை எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒரு பேப்பரில் நான்கு தடவை தவறினால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். நாளுக்கு நான்கு தடவை ஏறி இறங்கும் ரோஸ்டரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் முடித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் இன்னும் கொமர்ஷல் லைசென்சில்தான் இருக்கிறீர்கள். 1,900 மணித்தியாலம் உள்ளவர் இலங்கையிலேயே ஏ.டி.பி.எல். எடுத்துவிட்டுப் போக வேண்டும். ஈயாசா விதிப்படி, ஏ.டி.பி.எல். கையில் இருந்து, அதற்கான அனுபவமும் நிறைந்து, பரீட்சைப் பறப்புக்குப் பயன்படும் விமானத்தின் டைப் ரேட்டிங்கும் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) நடப்பில் இருந்தால், பயிற்சி வகுப்பை முழுமையாகவே விட்டுக்கொடுக்க இடமுண்டு. நேராகப் பரீட்சைக்குப் போகலாம். கொமர்ஷல் மட்டும் உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை. அங்குள்ள பயிற்சி நிறுவனம் எவ்வளவு பாடம் தேவை என்று பரிந்துரைக்கிறதோ அவ்வளவும் காசு கட்டிப் படிக்க வேண்டும்.

ஏ.டி.பி.எல்.லுக்கு இகாவோ கேட்கும் 1,500 மணித்தியாலம் உங்களிடம் உண்டு. நிறையத் துணை விமானிகள் தடுக்கி நிற்கும் இடம் வேறு: விமானத்தின் பொறுப்பு விமானியாக 250 மணித்தியாலம். அதில் 70 மணித்தியாலமாவது முழுப் பொறுப்போடு பறந்ததாக இருந்தால், மீதியை கெப்டனின் மேற்பார்வையில் கெப்டனின் கடமைகளைச் செய்து பறந்த நேரத்தால் நிரப்பலாம். அந்த நேரத்தை அன்றன்றே லொக்புக்கில் தனி நிரலில் எழுதி, கெப்டனின் கையொப்பத்தையும் அன்றே வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து, வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட கெப்டனைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் கேட்பது நடக்கிற காரியமில்லை.

வளைகுடாவைப் பொறுத்தவரை நீங்களாகப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடும் வழக்கம் குறைவு. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தன் நாட்டு அதிகார சபையோடு கதைத்துக் காரியத்தைப் பார்க்கும். உங்கள் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டியவை: நடப்பிலுள்ள லைசென்ஸ், நடப்பிலுள்ள முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்ச்சி, சுத்தமான லொக்புக். ஆங்கிலத்தில் 4ஆம் நிலை இருந்தால் போதும் என்றாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்ப எழுத வேண்டும். 6ஆம் நிலை எடுத்தவருக்கு மறுபரீட்சை இல்லை. உங்கள் ஆங்கிலம் நன்றாக இருந்தால் கொஞ்சம் முயன்று 6ஐ எடுத்துவிடுங்கள், பின்னால் ஒரு தலையிடி குறையும்.

இன்னொன்று. புதிய லைசென்ஸ் கைக்கு வந்ததும் இலங்கை லைசென்சைக் கைவிட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு வேலை எந்த நாளும் நிற்கலாம். 2020இல் உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றபோது வீடு திரும்பியவர்களில், ஊர் லைசென்சைப் புதுப்பித்து வைத்திருந்தவர்களுக்கு அடுத்த அடியை எடுத்துவைக்க ஒரு நிலம் இருந்தது.

கேள்வி: எனக்குத் தொழில் வைத்தியம், பொழுதுபோக்குப் பறப்பு. இலங்கைத் தனியார் விமானி லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் அமெரிக்காவில் தங்கையிடம் போகும்போது அங்கே ஒரு செஸ்னாவை வாடகைக்கு எடுத்துப் பறக்க முடியுமா?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: முடியும் டொக்டர், அதுவும் எழுத்துப் பரீட்சை இல்லாமல். அமெரிக்க விதிகளில் 61.75 என்ற பிரிவு இருக்கிறது. இகாவோ நாடொன்றின் லைசென்சை அடிப்படையாக வைத்து அமெரிக்கத் தனியார் விமானிச் சான்றிதழ் தருவார்கள். முதலில் இங்கிருந்தே அமெரிக்க விமான அதிகார சபையான எஃப்.ஏ.ஏ.க்கு விண்ணப்பித்து உங்கள் லைசென்சைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு 45 முதல் 90 நாள் வரை ஒதுக்கச் சொல்கிறார்கள். சரிபார்ப்புக் கடிதம் ஆறு மாதம் செல்லும், ஆகவே பயணத் திகதி உறுதியான பிறகு விண்ணப்பியுங்கள். அங்கே போனதும் நேரில் ஆவணங்களைக் காட்ட வேண்டும். பிறகு பயிற்றுநர் ஒருவரோடு பறப்பு மீளாய்வு ஒன்றும் முடிக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் இலங்கை லைசென்சில் தொங்குவது. இங்கே காலாவதியானால் அங்கேயும் பறக்க முடியாது. அடுத்தது, காசுக்குப் பறக்கும் உரிமை அதில் இல்லை. கொமர்ஷல் லைசென்ஸ் உள்ளவர் இந்த வழியில் போனாலும் கிடைப்பது தனியார் விமானியின் உரிமை மட்டுமே.

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் படித்து எஃப்.ஏ.ஏ. கொமர்ஷல் லைசென்சும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எடுத்து வந்தான். 260 மணித்தியாலம் பறந்திருக்கிறான். “உலகம் முழுக்கச் செல்லும்” என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். இங்கே வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, வேலை இல்லை. இங்கே திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். ஊரில் இருந்த காணியை விற்றுத்தான் அனுப்பினேன். என்ன செய்வது?
— ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. மகன் பறந்த மணித்தியாலங்கள் அவருடையவை, அவற்றை யாரும் பறிக்க முடியாது. அந்தப் பள்ளிக்கூடம் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம் தருகிறது. சனிக்கிழமைகளில் என்னிடம் வான் சட்டம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் இதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு குடும்பம் காணி விற்றுக் கட்டும் பணத்துக்கு முழு உண்மையும் கிடைக்க வேண்டும். அமெரிக்க லைசென்ஸ் மதிப்பானது, ஆனால் அதைக் கொண்டு ஓட்டக்கூடியது அமெரிக்காவில் பதிவான விமானத்தை. இங்கே 4ஆர் விமானத்துக்கு நம் அதிகார சபையின் லைசென்ஸ் வேண்டும்.

மகனை இந்தக் கிழமையே செய்யச் சொல்ல வேண்டியது, லொக்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிரலாகக் கூட்டுவது. இகாவோ கொமர்ஷல் லைசென்சுக்குக் கேட்கும் அடிப்படை இது: மொத்தம் 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் படித்திருந்தால் 150. அதில் பொறுப்பு விமானியாக 100, அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் 70. பொறுப்பு விமானியாக நெடுந்தூரப் பறப்பு 20 மணித்தியாலம், அதற்குள் 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு பயணத்தில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்றிருக்க வேண்டும். கருவிப் பறப்புப் பயிற்சி 10 மணித்தியாலம். ஒவ்வொரு நாடும் இதன்மேல் தன்னுடையதைக் கூட்டலாம், குறைக்கமாட்டாது.

260 என்ற எண்ணைப் பார்த்துத் தாராளம் என்று நினைக்கக்கூடாது. அமெரிக்க விதிகள் பொறுப்பு விமானி நேரத்தை எழுதும் விதம் மற்ற நாடுகளிலிருந்து வேறுபட்டது. அங்கே இரண்டு மாணவர்கள் ஒரே விமானத்தில் ஏறி, ஒருவர் வெளியே பார்க்க முடியாதபடி கண்மறைப்பைப் போட்டுக் கருவிப் பறப்புப் பழக, மற்றவர் வெளியே பார்த்துக்கொண்டு பாதுகாப்பு விமானியாக இருப்பார். அந்த ஒரு மணித்தியாலத்தை இருவருமே பொறுப்பு விமானி நேரமாக எழுத விதி இடம் தருகிறது. செலவு பாதியாகும் என்பதால் பள்ளிக்கூடங்கள் இதை ஊக்குவிக்கும். அதேபோல, ரேட்டிங் உள்ள மாணவர் பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டு தானே ஓட்டிய நேரத்தையும் பொறுப்பு விமானி நேரமாக எழுதலாம். வேறு நாடுகளின் அதிகார சபைகள் பல, பாதுகாப்பு விமானி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பயிற்றுநர் கூட இருந்தால் அதைப் பயிற்சி நேரமாகவே பார்க்கும். மகன் இந்த இரண்டு வகையையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்க்கட்டும். 100க்கு மேல் நின்றால் நிம்மதி. குறைந்தால் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை மட்டும் இரத்மலானையில் பறந்து நிரப்பலாம். முழுப் பயிற்சி வகுப்பையும் திரும்பச் செய்யச் சொல்லி யாராவது பணம் கேட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

சரிபார்ப்புக் கடிதத்துக்கு எஃப்.ஏ.ஏ.யின் ஒக்லஹோமா நகர அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அதையும் இப்போதே செய்யலாம். அமெரிக்க வைத்தியச் சான்றிதழை இங்கே காட்டி வேலையில்லை. நம் அதிகார சபை அங்கீகரித்த வைத்தியரிடம் முதலாம் வகுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இங்கே எழுத வேண்டிய வான் சட்டப் பரீட்சையை அலட்சியமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பழகியவர் காற்றழுத்தத்தை அங்குலத்தில் கேட்டுப் பழகியவர், இங்கே ஹெக்டோபாஸ்கல். அங்கே நாடு முழுக்க 18,000 அடியில்தான் உயரமானியை நியம அழுத்தத்துக்கு மாற்றுவார்கள். மற்ற நாடுகளில் அந்த உயரம் இடத்துக்கு இடம் வேறுபடும். தெரியாமல் மாற்றினால் விமானம் தான் நினைக்கும் உயரத்தில் இராது. பரீட்சை வைப்பதற்கான காரணம் இதுதான், அதை ஒரு தண்டனையாக மகன் நினைக்கக்கூடாது.

இன்னும் ஒன்று கவலையாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் பறக்கவில்லை என்கிறீர்கள். அமெரிக்க விமானிச் சான்றிதழில் காலாவதித் திகதி இல்லாததால் பிள்ளைகள் ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே பறப்புப் பரீட்சைக்கு உட்காரும்போது கை மறந்திருந்தால் ஒரு திகதியும் காப்பாற்றாது. பரீட்சைக்கு முன் பயிற்றுநரோடு சில மணித்தியாலம் பறக்கக் காசை ஒதுக்குங்கள். வேறெதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

கேள்வி: மகளின் பாஸ்போட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர். அவளுடைய நியூசிலாந்து லைசென்சில் அவளது பெயரே குடும்பப்பெயராக வந்திருக்கிறது. லொக்புக்கில் இனிஷியலோடு எழுதியிருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ் தமிழில். இங்கே விண்ணப்பிக்கும்போது பிரச்சினை வருமா?
— ஒரு தாய், தெஹிவளை

பதில்: வரும் அம்மா. நம்மவர்களுக்குப் பரீட்சையை விட இதனால்தான் அதிக நாள் வீணாகிறது.

உலகில் எந்த நாட்டு விமானி லைசென்சை எடுத்தாலும் விபரங்களுக்குப் பக்கத்தில் ரோமன் இலக்கங்கள் இருப்பதைப் பார்க்கலாம். இகாவோவின் முதலாம் இணைப்பில் உள்ள ஒழுங்கு அது. நாட்டின் பெயர் முதலாவது. லைசென்ஸ் இலக்கம் மூன்றாவது. முழுப்பெயர் நான்காவது, அதோடு பிறந்த திகதி. ரேட்டிங்குகள் பன்னிரண்டாவது. ஆங்கிலத் தேர்ச்சியும் கட்டுப்பாடுகளும் பதின்மூன்றாவது. எந்த மொழிக்காரரும் எந்த லைசென்சையும் வாசிக்க இது உதவுகிறது. சரிபார்க்கும் அதிகாரி பாஸ்போட்டை ஒரு பக்கமும் லைசென்சை ஒரு பக்கமும் வைத்து அந்த நான்காவது வரியைத்தான் முதலில் ஒப்பிடுவார். தகப்பன் பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், இனிஷியலாகச் சுருங்கும் என்ற நம் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கண்ணுக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டு ஆட்கள்.

பாஸ்போட்டில் உள்ளதை மூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அதுபோலவே மற்றவை இருக்க வேண்டும். நியூசிலாந்து அதிகார சபைக்கு பாஸ்போட் பிரதியோடு எழுதி லைசென்சில் பெயரின் வரிசையைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். சரிபார்ப்புக் கடிதம் கேட்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். கடிதம் பழைய பெயரில் வந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள். பெயரைப் பாஸ்போட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். ‘த’வுக்கும் ‘ழ’வுக்கும் ஆளுக்கொரு ஆங்கில எழுத்துப் போடுவார்கள். இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று ஒரு சத்தியக் கடதாசியும் கையில் இருக்கட்டும்.

லொக்புக்கில் பழைய பக்கங்களை எக்காரணம் கொண்டும் வெள்ளை மை பூசித் திருத்தக்கூடாது. பிழையான எழுத்தின்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்கலாம். முதற் பக்கத்தில் பாஸ்போட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் எழுதினால் உள்ளே இனிஷியல் இருப்பது பெரிதாகத் தெரியாது. கையொப்பமும் லைசென்சில் ஒரு தனி வரி என்பதால் மகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்கப் பழகட்டும்.

திருமணம் பேசிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். பெயர் மாற்றுவதாக இருந்தால் லைசென்ஸ் வேலை முடிந்த பிறகு மாற்றலாம். மாற்றாமலே இருந்தாலும் ஒரு குறையுமில்லை.

கேள்வி: லண்டனில் 2018இல் லைசென்ஸ் எடுத்த என் மச்சானுக்கு இப்போது ஜேர்மனியில் வேலை வாய்ப்பு. பிரித்தானிய லைசென்ஸ் ஐரோப்பாவில் செல்லுமா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: பிரெக்ஸிட்டின் இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31 வரை அது ஈயாசா லைசென்ஸ். அதற்குள் வேறொரு உறுப்பு நாட்டுக்குக் கோப்பை மாற்றியிருந்தால் பரீட்சை எதுவும் இல்லாமல் முடிந்திருக்கும். உறுப்பு நாடுகளுக்கிடையே அதிகார சபையை மாற்றுவது அப்படித்தான் நடக்கிறது: வைத்தியக் கோப்பும் சேர்ந்து போகும், பழைய லைசென்சைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும், இரண்டு உறுப்பு நாடுகளின் லைசென்சை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. மச்சான் அப்போது மாற்றவில்லை என்றால், இன்று ஈயாசாவின் கண்ணில் பிரித்தானியாவும் இலங்கை போலவே வெளிநாடு. 13 பேப்பர்களும் எழுத வேண்டும். முன்பு எழுதிய அதே பாடங்களைத் திரும்ப எழுதுவது வேதனையானது, அவருக்கு என் அனுதாபங்கள். பிரித்தானியா மட்டும் ஐரோப்பிய லைசென்சுகளை 2022 முடியும் வரை ஏற்றுக்கொண்டது. அந்தத் தயவு மறுபக்கத்திலிருந்து வரவில்லை.

கேள்வி: இந்தியாவில் கன்வேர்ஷன் சுலபம் என்கிறார்களே?
— வாசகர், வத்தளை

பதில்: வெளிநாட்டுக் கொமர்ஷல் லைசென்சை மாற்றும் இந்தியர்களுக்கு அந்த நாட்டு விமான அதிகார சபையான டி.ஜி.சி.ஏ. வைப்பது, வான் ஒழுங்குவிதிகள் என்ற பேப்பரும், வழிகாணலும் வானிலையும் சேர்ந்த இன்னொரு பேப்பரும். சித்தி பெற 70 வீதம். எண்ணிக்கை குறைவு என்பதால் சுலபம் என்று பெயர் வந்துவிட்டது. எழுதியவர்களைக் கேட்டால் அந்த இரண்டாவது பேப்பரைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். வெளிநாட்டு விமானிகளை இந்திய நிறுவனங்கள் எடுக்கும்போது, நிறுவனமே விண்ணப்பித்து ஒரு தற்காலிக அனுமதியின் கீழ் பறக்க வைக்கும் வழியும் உண்டு. உங்களிடம் இலங்கைப் பாஸ்போட் என்றால், பரீட்சைக்குப் பணம் கட்ட முன் நிறுவனத்திடம் எந்த வழி என்று கேளுங்கள்.

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். விமானியாக வேண்டும். இலங்கையில் படிப்பதா, வெளிநாட்டில் படிப்பதா? அப்பா வங்கியில் கடன் கேட்கத் தயாராக இருக்கிறார்.
— மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: பிள்ளை, மேலே உள்ள கடிதங்களை எல்லாம் அப்பாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். எங்கே படிப்பது என்ற கேள்விக்கு முன்னால், எந்த நாட்டில் பதிவான விமானத்தை ஓட்டப் போகிறீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. இலங்கையில்தான் வேலை பார்க்க விருப்பம் என்றால் இலங்கை லைசென்சை நேராக எடுப்பதே குறுகிய வழி. வெளிநாட்டில் குடியேறும் எண்ணம் உறுதியாக இருந்து, அங்கே வேலை செய்யும் உரிமையும் கிடைக்கும் என்றால் மட்டும் அந்த நாட்டில் படியுங்கள். வேலை செய்யும் உரிமை இல்லாத நாட்டில் லைசென்ஸ் எடுத்துவிட்டு, இன்னொரு நாட்டுக்குக் கன்வேர்ஷன் செய்யக் காசு தேடுவதுதான் நான் பார்த்த குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. செலவு குறைவு என்று விளம்பரம் செய்யும் பள்ளிக்கூடத்தில் சேர நினைத்தால், கன்வேர்ஷனுக்கு ஆகும் செலவையும் அந்தத் தொகையோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அப்பா வங்கிக்குப் போக முன் நீங்கள் முதலாம் வகுப்பு வைத்தியப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது அங்கேதான் சிலருக்கு முதல் தடவையாகத் தெரியவரும். கண்ணாடி போடுவது தடையல்ல, அதற்கு எல்லை மட்டும் உண்டு. வெளிநாட்டில் படிப்பதானால் அந்த நாட்டு விதிப்படியும் ஒரு பரிசோதனை தேவைப்படும். இரண்டிலும் சித்தி என்று எழுத்தில் வரும் வரை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் முற்பணம் கட்ட வேண்டாம். வைத்தியச் சான்றிதழ் கைக்கு வந்ததும், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கூடங்களின் பயிற்சித் திட்டத்தையும் மணித்தியாலப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதுகிறேன்.